பெரிசாகிக்கொண்டே வரும் வண்டி

என் மகள் ரோட்டைக் கடக்கக் கற்றுக்கொண்டது பிரெஞ்சு மொழியில். "கோஷ், த்ருவாத், கோஷ்" என்று தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே சொல்லுவாள். இடது, வலது, மறுபடி இடது. பிரான்சில் இருக்கும் என் அத்தை கொண்டுவந்த டேப்லெட்டில், எங்கள் பேச்சில் டேப், அதில் இருந்த விளையாட்டு அது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாமா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், மாதாமாதம் பென்ஷன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டிசம்பரில் வருகை, பெட்டி நிறைய சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும். போன முறை சென்ட்டுக்குப் பதில் டேப் வந்தது. "பிள்ளைக்குப் பிரெஞ்சும் வரட்டும், புத்தியும் வரட்டும்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. நடைபாதை ஓரத்தில் ஒரு பூனைக்குட்டி நிற்கும். கண் படத்தைத் தொட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கும், காது படத்தைத் தொட்டால் காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும். வண்டிகள் போனதும் விரலால் பூனையை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். ஒழுங்காகக் கடந்தால் நட்சத்திரம். தப்பான நேரத்தில் இழுத்தால் 'பொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். பூனை பழைய இடத்துக்கே திரும்பி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். என் அம்மாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை. "பூனை குறுக்க போனாலே போற காரியம் வெளங்காது, இவ என்னடான்னா நாள் பூரா பூனைய குறுக்க இழுத்துகிட்டு இருக்கா" என்பார். நாங்கள் சிரிப்போம். பாப்பாவும் சிரிப்பாள். "ஆயா, இது நல்ல பூனை, ஸ்டார் வாங்கியிருக்கு" என்பாள்.

நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாகக் காம்போ, அதாவது டச்சும் டிஸ்ப்ளேவும் ஒட்டிய திரை, மாற்றுகிறவன். குழந்தைகளும் தொடுதிரையும் என்று பேசினால் எல்லாரும் கண்ணையும் மூளையையும்தான் சொல்லுவார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது விரல். "டச் வேலை செய்யல" என்று வரும் குழந்தைகளின் டேப்களில் நிறைய நல்ல நிலையில்தான் இருக்கும். பிள்ளை இடது கைக் கட்டைவிரலால் ஓரத்தைப் பிடித்திருக்கும், அந்த விரலும் கண்ணாடியில் பட்டுக்கொண்டிருக்கும். வலது கையால் எத்தனை தரம் குத்தினாலும் திரை குழம்பி நிற்கும். குழந்தை இன்னும் அழுத்திக் குத்தும். டச் கண்ணாடிக்கு அழுத்தமே வேண்டாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திப் பூச்சு ஒன்று இருக்கிறது. விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும், எங்கே மாறியது என்று சிப் கணக்குப் போடும், அவ்வளவுதான். அதனால்தான் பருப்புச் சோறு சாப்பிட்ட ஈரக் கையைக் கண்டால் அது பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுகிறது. தொடுவது இரண்டு வயதிலேயே குழந்தைக்கு வந்துவிடுகிறது. விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டு போவதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும். பாப்பாவுக்கு நாலு வயதில் பாதி ரோட்டில் விரல் தூக்கிக்கொள்ளும். அந்த விளையாட்டில் அப்போது என்ன நடக்கும் தெரியுமா? பூனை நடு ரோட்டிலேயே நிற்கும். இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்று, மரியாதையாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு, அவள் மறுபடி விரல் வைக்கும்வரை காத்திருக்கும். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. அந்த டேப்பால் நல்லதும் நடந்ததுதான் காரணம். 'ஞ' எழுத்தை எங்கே ஆரம்பித்து எங்கே வளைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தந்தது வேறொரு தமிழ் ஆப். எனக்கே அந்தச் சுழி தகராறு. இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எங்களுக்கும் தெரியும். அந்த ஒரு மணியில் பெரும்பாலும் நின்றோம். கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்திருப்பதற்கு ரோட்டைக் கடக்கக் கற்றுக்கொண்டால் தேவலை இல்லையா? நல்ல அப்பன் என்ற நினைப்புதான் இருந்தது.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில்

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். பள்ளிக்கூடம் எம்.ஜி. ரோட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிஷம், அதில் ரோட்டைக் கடக்க ஒரு நிமிஷமும் ஆகலாம், நாலு நிமிஷமும் ஆகலாம். யூ.கே.ஜி. சேர்ந்த ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை, காலை எட்டரை மணி. மணிக்கூண்டைத் தாண்டி ரோட்டோரம் நிற்கிறோம். பை என் தோளில், அவள் கை என் கையில். போன் அடித்தது. முதல் நாள் ஒருவரிடம் டிஸ்ப்ளே வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பாக்கெட்டிலிருந்து போனை எடுக்க அவள் கையை விட்டேன். இரண்டு விநாடி இருக்கும், இல்லை மூன்று.

அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். "கோஷ், த்ருவாத், கோஷ்" என்று சொன்னதைக் காதில் கேட்டேன். கேட்டு, உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். அடுத்து டயர் தேயும் சத்தம். ஒரு பைக்கின் முன் சக்கரம் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு என்னைவிட அதிகமாக நடுங்கியது. "புள்ளையப் புடிச்சிகிட்டு அப்புறம் போனப் பேசுயா" என்றான். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றமாட்டேன். பாப்பா அழவில்லை. பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அப்போது புரிந்துகொள்ளவில்லை, பிறகுதான் யோசித்தேன். 'பொய்ங்' சத்தம் ஏன் வரவில்லை, ஏன் இன்னும் பழைய இடத்துக்குப் போகவில்லை என்று தேடுகிற பார்வை அது. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் தேடினேன், உடனே ஒன்று கிடைத்தது. பிரான்சில் வண்டி ரோட்டின் வலது பக்கம் ஓடுகிறது. ஓரத்தில் நிற்பவனுக்கு முதல் ஆபத்து இடது கைப் பக்கமிருந்து வரும், அதனால் முதலில் இடது. நமக்கு எல்லாம் தலைகீழ். இடது ஓரமாக ஓட்டுகிற நாடு, பக்கத்து வண்டி வலது கைப் பக்கமிருந்துதான் வரும். வலது, இடது, மறுபடி வலது என்று பார்க்க வேண்டும். கடைசிப் பார்வை வலப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் என் பிள்ளை இடப்பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். கச்சிதமான விளக்கம். குற்றவாளி கிடைத்தாயிற்று, அவன் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான். விடியும்போது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அந்த ஆப்பை அழித்தேன். அத்தைக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, குத்தம் சொல்லாத மாதிரி குத்தம் சொன்னேன். அத்தை கேட்டுவிட்டுச் சொன்னார்: "டேய், நம்ம ஊர்ல எந்தப் பக்கம் பாத்து என்னடா? எல்லாப் பக்கமுந்தான் வரானுவ."

அதுவும் உண்மைதான். டவுனுக்குள் பல தெருக்கள் ஒருவழிப் பாதை. ஆனால் பைக்குக்கு ஒருவழி என்பது ஒரு யோசனை மட்டும். சனி ஞாயிறு வந்தால் வாடகை ஸ்கூட்டரில் மேப்பைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்குத் தாங்கள் எதிரில் வருகிறோம் என்பதே தெரியாது. பிள்ளை பயமில்லாமல் ரோட்டில் நடந்த ஒரே இடம் பீச் ரோடு. மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஊரே நடு ரோட்டில் நடக்கும். ரோடு என்றால் நடுவில் நடக்கலாம் என்று அவள் முதலில் கற்றுக்கொண்டதே அங்கேதான். கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான், பிரெஞ்சுக்காரர்கள் இல்லை.

"குட்டியாத்தான் இருந்துச்சு"

ஒரு வாரம் கழித்து, வீட்டு வாசலில் நிற்கவைத்துப் பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். வலது, இடது, வலது. மூன்று தரம் சொல்லிவிட்டுச் சலித்துப்போய் நின்றாள். "அன்னிக்கு நீ மொதல்ல அந்தப் பக்கம் பாத்த இல்ல, அதான் வண்டி தெரியல" என்றேன். "தெரிஞ்சுதேப்பா" என்றாள். "என்ன தெரிஞ்சுது?" "அந்த வண்டி. பாத்தேன். குட்டியாத்தான் இருந்துச்சு."

ஒரு வாரமாகக் கட்டி வைத்திருந்த என் விளக்கம் அந்த ஒரு வரியில் சரிந்தது. அவள் வலது பக்கமும் பார்த்திருக்கிறாள். பைக்கைப் பார்த்திருக்கிறாள். அது சின்னதாக இருந்தது. டேப்பில் வண்டி சின்னதாகவும் இருக்காது, பெரிதாகவும் ஆகாது. ஓரத்தில் தோன்றும், ஒரே அளவில் குறுக்கே நகரும், மறு ஓரத்தில் மறையும். மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்க்கிற படம் அது. ரோட்டோரம் நிற்கும் ஆளுக்கு வண்டி அப்படி வருவதே இல்லை. நேராக வரும் வண்டி நகர்கிற மாதிரியே தெரியாது, அது பெரிசாகும். திரையில் வண்டி நகர்கிறது, ரோட்டில் வண்டி பெரிசாகிறது. மாதக்கணக்காக என் மகள் பயிற்சி எடுத்தது எம்.ஜி. ரோட்டில் இல்லவே இல்லாத ஒன்றை.

மறுநாள் காலையில், அதே இடத்தில், கடைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் குந்திக்கொண்டேன். அவள் கண் உயரம், தரையிலிருந்து ஒரு மீட்டர். இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்த ரோடு காணாமல் போய்விட்டது. எதிரில் நின்ற லோடு ஆட்டோவின் பம்பர் தெரிந்தது, பக்கத்தில் சைடு ஸ்டாண்டில் நின்ற ஸ்கூட்டரின் சைலன்சர் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கையகல இடைவெளி. அதற்குள் வந்து போகிறவைதான் அவளுடைய வண்டிகள். நின்றால் எனக்குத் தெரிகிற மூன்றாவது கடை, குந்தினால் இல்லை. "என்னப்பா தேடறீங்க, சாவியா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். லண்டன் பக்கம் ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தில் ஜான் வான் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு என் மகள் சொன்ன வரியைத்தான் வேறு மாதிரி சொல்கிறது. ஒரு பொருள் நெருங்கும்போது அதன் உருவம் கண்ணில் பெரிசாகும் வேகத்தை வைத்துத்தான் நாம் வேகத்தை உணர்கிறோம். ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அந்த உணர்வு இன்னும் முற்றவில்லை. சில விநாடி தூரத்தில் மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல், வரும் வண்டி நெருங்குகிறது என்பதை அவர்கள் கண் நம்பும்படி பிடிப்பதில்லை. வேகம் கூடக்கூட வண்டி நிற்கிற மாதிரி தெரியும். எம்.ஜி. ரோட்டில் 32க்குக் கீழே போகிறவர்கள் தள்ளுவண்டிக்காரர்கள்தான்.

தொடுதிரை பற்றியும் ஒன்று கிடைத்தது. 2009இல் வந்த ஒரு ஆய்வில், 15 மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொத்தானை அழுத்திக் காட்டியிருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தொடுதிரையில், பாதிப் பேருக்கு நிஜப் பெட்டியில். திரையில் பார்த்தது திரையிலும், பெட்டியில் பார்த்தது பெட்டியிலும் நன்றாகச் செய்தன. மாற்றிக் கொடுத்ததும் தடுமாறிவிட்டன. 15 மாதக் குழந்தையும் அஞ்சு வயதுப் பிள்ளையும் ஒன்றில்லை, அதை அப்படியே தூக்கி இங்கே ஒட்டமாட்டேன். ஆனால் என் கடையில் இதைத்தான் வேறு உருவத்தில் பார்க்கிறேன். டேப்பில் ஜிக்சா படத்தை அரை நிமிஷத்தில் சேர்க்கும் பிள்ளை, அட்டைத் துண்டைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று முழிக்கும். திரையில் துண்டு தானாகத் திரும்பி, பக்கத்தில் போனதும் 'டக்'கென்று தானாக ஒட்டிக்கொள்ளும். பாதி வேலையை ஆப் செய்கிறது, கைத்தட்டல் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

பட்டாணி, எலுமிச்சை, தேங்காய்

அழித்த ஆப்பைத் திரும்பப் போடவில்லை. டேப்பைத் தூக்கிப் பரண்மேலும் போடவில்லை. தொழில் தர்மம் ஒன்று இருக்கிறதே. குந்திய அன்றே, அவள் கண் உயரத்தில் என் போனைப் பிடித்து ஒரு பைக் தூரத்திலிருந்து வந்து தாண்டிப் போவதை வீடியோ எடுத்தேன். சாயங்காலம் டேப்பில் போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். முதலில் நிறுத்தியபோது பைக் அவள் விரல் நுனிக்கடியில் மறைந்துவிட்டது. "பட்டாணி" என்றாள். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினால் இன்னமும் பட்டாணி. இன்னும் கொஞ்சம், கொஞ்சம் பெரிய பட்டாணி. அப்புறம் எலுமிச்சம்பழம். அடுத்து நிறுத்துவதற்குள் திரை முழுக்கத் தேங்காய், அதற்குள் போயே போய்விட்டது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். "ஏன்பா ரொம்ப நேரம் பட்டாணியா இருந்துட்டு, டபக்குனு தேங்காயாகுது?"

ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டேன், அவளுக்காக இல்லை, எனக்காக. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். 80 மீட்டரில் இருக்கும் வண்டி 40க்கு வந்தால் பார்வைக்கு இரண்டு மடங்காகும், அதற்கு 3.6 விநாடி. 40இலிருந்து 20, இன்னொரு இரண்டு மடங்கு, 1.8 விநாடி. 20இலிருந்து 10, வெறும் 0.9. பாப்பா ஏழு மீட்டர் ரோட்டைக் கடக்க எப்படியும் ஏழு விநாடி ஆகும். அதாவது ஏறக்குறைய 80 மீட்டர் தூரத்தில், பட்டாணி அளவில், ஆடாமல் அசையாமல் தெரிகிற பைக்கே அவளைத் தொட்டுவிடும். குட்டியாக இருக்கும்போதே அது ஆபத்து. பெரிசாகும்போது முடிந்துபோன கதை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்கள் 32,825 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அந்த எண்ணைப் படித்த அன்று தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது சாயங்காலம் கடையிலிருந்து சீக்கிரம் வருகிற நாட்களில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. தெருமுனையில் நிரந்தரமாகச் சாத்தியிருக்கும் ஒரு கடையின் படியில் உட்கார்ந்துகொள்வோம். ரோட்டில் இறங்குவதில்லை. வண்டிகளைப் பார்த்து, கடக்கலாம் என்று தோன்றும்போது அவள் "இப்ப" என்று சொல்ல வேண்டும். உடனே எழுந்து படிக்குப் பின்னால் இருக்கும் வராந்தாவில் ரோட்டின் அகலத்துக்கு நடக்க வேண்டும். அவள் நடந்து முடிப்பதற்குள் வண்டி எங்களைத் தாண்டிவிட்டதா என்று நான் பார்ப்பேன். தாண்டியிருந்தால் "தேங்காய்" என்று கத்துவேன். முதல் நாள் பத்துக்கு ஏழு தேங்காய். நானே கண்டுபிடித்த விளையாட்டு என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் 1984இலேயே டேவிட் லீ என்பவரும் கூட்டாளிகளும் ஸ்காட்லாந்தில் இதைச் செய்திருக்கிறார்கள், நிஜ ரோட்டுக்குப் பக்கத்தில் பொய் ரோடு போட்டு, நிஜ வண்டிகளைப் பார்த்துப் பொய் ரோட்டைக் கடக்கவிட்டு. அதே நாட்டில், கிளாஸ்கோவின் டிரம்சாப்பல் பகுதியில் 1990களில் ஆரம்பித்த கெர்ப்கிராஃப்ட் என்ற திட்டத்தில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராகத் தெருவுக்கே கூட்டிப்போய், நிற்கும் வண்டிகளுக்கு நடுவிலும் முச்சந்தியிலும் நிறுத்திப் பழக்கியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் பகுதியின் சாதாரண அப்பா அம்மாக்கள்.

இதையெல்லாம் எழுதுகிறவன் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். மழை வந்தால் இதே பிள்ளையை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துத்தான் கூட்டிப்போயிருக்கிறேன், தலையில் பிளாஸ்டிக் கவர். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட், ஓட்டுபவருடன் சேர்த்துக் கட்டும் பெல்ட், வேகம் 40க்குள் என்று 2022 பிப்ரவரியிலேயே விதி வந்து, அடுத்த வருஷத்திலிருந்து நடைமுறை. நாலு வயதைத் தாண்டியவர்களுக்கு ஹெல்மெட் அதற்கு முன்பே கட்டாயம். போன மாதம்தான் அவள் தலைக்கு ஒன்று வாங்கினேன். அதுவும் நீலம் வேண்டாம், பூனை காது வைத்தது வேண்டும் என்று அடம்.

ஒன்று மட்டும் அந்தப் படியில் உட்கார்ந்து என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. பெரியவர்கள் நாம் கடக்கும் விதம். ஒரு கையை நீட்டி, வருகிறவன் கண்ணைப் பார்த்து, 'கொஞ்சம் நில்லு சாமி' என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே இறங்கிவிடுவது. அவனும் நிற்கிறான், நிற்கிற மாதிரி வளைகிறான். பாப்பா ஒரு நாள் அதைச் செய்துபார்த்தாள். படியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். அந்த உயரத்தில் நீட்டிய கையைப் பார்க்க எந்த டிரைவருக்கும் முடியாது. "யாருமே நிக்கலப்பா" என்றாள். நீ வளரணும் என்றேன். வேறென்ன சொல்ல?

போன வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது என் மனைவி. கடையில் ஒரு போனைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், ஒன்பதேகாலுக்குப் போன் வருகிறது. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் வழக்கம்போல் மனைவி கையை நீட்டிக்கொண்டு இறங்க, பிள்ளை புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார்ந்தேவிட்டாளாம். "அம்மா, பட்டாணி வருது, பட்டாணி வருது" என்று கூச்சல். ஒரு பட்டாணி போனால் அடுத்த பட்டாணி. எம்.ஜி. ரோட்டில் காலை எட்டரைக்குப் பட்டாணி எப்போது தீரும்? கடைசியில் ஒரு போலீஸ்காரர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து, சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்தி அனுப்பிவைத்திருக்கிறார். பள்ளிக்கூட கேட் சாத்திவிட்டார்கள். டைரியில் சிவப்பு மையில் லேட் என்று எழுதி, பெற்றோர் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள் மனைவி. "அந்தப் பட்டாணி வாத்தியாரையே போடச் சொல்லுங்க. சாயங்காலம் கூட்டிட்டு வரதும் நீங்கதான்."